நந்திதுர்க்கில் எண்ணெய் இல்லாத நீவல்

மசாஜ் வகுப்பு என்று கேள்விப்பட்டுப் போனால் கண் முதலில் எண்ணெயைத்தான் தேடும். இங்கே எண்ணெய் இல்லை. ஓர் இரும்புக் கட்டில், அதன்மேல் சலவை வேட்டி, தையல்காரர் வைத்திருக்கும் அளவு டேப், சோப்பு, சுருட்டி அடுக்கிய பேண்டேஜ்கள், மெத்தைக் கடையில் வாங்கித் துண்டு போட்ட ஸ்பான்ஜ். நந்திதுர்க் லைன் வீடொன்றில் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த நேரத்தில் நான் பார்த்த வகுப்பறையின் சாமான்கள் இவ்வளவுதான்.

“எண்ணெய் போட்டா கை வழுக்கும். நமக்கு வழுக்கக் கூடாது. தோலைப் பிடிச்சு நகத்தணும், விடணும்” என்றார் பயிற்சியாளர். நிணநீர் வடிய வைக்கும் நீவல் அவர் தொழில். பிசியோதெரபி படித்தவர், வார நாட்களில் பெங்களூரில் புற்றுநோய் நோயாளிகளுக்குச் சிகிச்சை தருகிறார். அப்பா இந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். யார் பெயரும் வேண்டாம் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டதால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன்.

நந்திதுர்க் என்றதும் நந்தி மலைக்கு பஸ் எது என்று கேட்பவர்கள் உண்டு. இது மலைக்கோட்டை அல்ல; அந்தக் கோட்டையின் பெயரைச் சூட்டிக்கொண்ட தங்கச் சுரங்கம். கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நடத்திய சுரங்கங்களில் ஒன்று. வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பக்கமிருந்து வந்த தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இதற்குள் இறங்கினார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று, பின்னாளில் இவற்றை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லைன் வீடுகள் மட்டும் நின்றன. வீட்டுக்கு ஒருவராவது விடியும் முன் ரயிலேறி, 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புவதுதான் இப்போதைய ஊர் வழக்கம். ஞாயிறு ஒன்றுதான் கையில் மிஞ்சும் நாள். வகுப்பும் அன்றைக்கே.

கற்க வந்தவர்களில் ஒரு பெண் பெங்களூர் ஸ்பா ஒன்றில் வேலை செய்கிறார். இன்னொருவர் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் ஹோம் நர்ஸ். கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, பாட்டியின் யானைக்காலுக்காக வந்தவள். மற்றொருவர் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட அக்கா. வலது கை வீங்கியிருந்தது. அவர் கணவரும் வந்திருந்தார், கட்டுப் போடக் கற்றுக்கொள்ள. ஆண்கள் இதற்கு வருவது அபூர்வம் என்று பயிற்சியாளர் என்னிடம் தனியாகச் சொன்னார். வீட்டுக்காரரான பெரியவர், பயிற்சியாளருக்குப் பெரியப்பா முறை, வாசல் பக்கம் நாற்காலி போட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த அக்காவைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். வீக்கம் கையில். வேலை தொடங்கியதோ கழுத்தில்.

காரை எலும்புக்கு மேலே இருக்கும் குழியில் விரல்களைத் தட்டையாக வைத்து, தோலை மட்டும் கீழ்நோக்கி இழுத்து விட்டார் பயிற்சியாளர். அவசரமே இல்லை. அடுத்து இடது அக்குள், நோய் இல்லாத பக்கம். பிறகு மார்பின் குறுக்கே வலமிருந்து இடமாக. பிறகு வலது தொடையிடுக்கு, வலது விலா. நேரம் ஓடிக்கொண்டிருந்தது, வீங்கிய கையை இன்னும் யாரும் தொடவில்லை. எனக்கே பொறுமை போனது. கையைத் தொட்டபோதும் மணிக்கட்டிலிருந்து ஆரம்பிக்கவில்லை. தோள் பக்கம் முதலில், பிறகு மேல் கை, பிறகு முழங்கைக்குக் கீழே, கடைசியில்தான் விரல்கள்.

ஏன் இப்படித் தலைகீழாக என்று கேட்டேன். பதில் வாசலிலிருந்து வந்தது.

“மைன்ல தண்ணி எறைக்கிறது இப்படித்தான் சார். அடி லெவல்ல ஊறுற தண்ணிய ஒரேயடியா மேல தூக்க முடியாது. ஒரு லெவல் சம்புக்கு ஏத்தி, அங்கேருந்து அடுத்த சம்புக்கு ஏத்தணும். மேல் சம்பு நெறஞ்சு கெடந்தா கீழேருந்து நீ எவ்ளோ தள்ளினாலும் திரும்பி உன் தலைமேலயே ஊத்தும். மொதல்ல மேல காலி பண்ணு.”

பெரியவர் தண்ணீர் இறைக்கும் பிரிவில் வேலை பார்த்தவராம். இதே தங்கவயலின் சாம்பியன் ரீஃப் பக்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கங்கள் இவை. பம்புகள் நின்றபின் உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது. அவர் சொன்னதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்க்கவில்லை. பயிற்சியாளரும் இதைத்தான் பெங்களூரில் சொல்கிறாராம், பெரியப்பாவின் பெயரைச் சொல்லாமல்.

உடம்புக்குள் நடப்பது இது. ரத்தக் குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் நீர் கசிந்துகொண்டே இருக்கிறது. அதோடு புரதமும் கிருமிகளும் செல் கழிவும் சேரும். இதை அள்ளிக்கொண்டு போய் மறுபடி ரத்தத்தில் சேர்ப்பவை நிணநீர்க் குழாய்கள். நாளொன்றுக்கு 2 முதல் 3 லிட்டர் வரை இப்படித் திரும்புகிறது என்பது வழக்கமான கணக்கு. இதற்கென்று இதயம் கிடையாது. குழாய்கள் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிந்து, வால்வுகள் வைத்து, நிமிடத்துக்குச் சில முறை தாமே சுருங்கி நீரை அடுத்த அறைக்கு அனுப்புகின்றன. தசை அசைந்தால், மூச்சு ஆழமாக இழுத்தால், ஓட்டம் கூடும். இரண்டு கால், வயிறு, இடது கை எல்லாவற்றின் நிணநீரும் இடது காரை எலும்பின் பின்னே பெரிய சிரையில் போய்ச் சேர்கிறது. வலது கையும் தலையின் வலப் பாதியும் வலப் பக்கம். கழுத்தில் தொடங்கியதற்கு அதுதான் காரணம்.

இந்த அக்காவுக்கு வலது அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளை அறுவையில் எடுத்துவிட்டார்கள். நோய் அங்கே பரவியிருந்தால் பல நேரம் எடுக்க வேண்டியிருக்கும். எடுத்த பிறகு கையின் நீர் போக வழி குறுகிவிடுகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்து 2013-இல் வந்த கணக்கின்படி, அக்குள் முடிச்சுகளை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய 20 சதவீதம் பேருக்குக் கை வீங்குகிறது. காவல் முடிச்சு எனப்படும் முதல் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துச் சோதித்தால் அது 6 சதவீதத்துக்கும் கீழே. சீக்கிரம் கண்டுபிடித்தால் பலருக்குச் சின்ன அறுவையே போதும். நம் பெண்கள் கட்டியை முந்தானைக்குள் மறைத்து வைத்து, மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு வருவதால் பெரிய அறுவைதான் அதிகம். கை வீக்கத்தின் கதை அந்தத் தாமதத்திலேயே தொடங்கிவிடுகிறது.

அடுத்து மற்றவர்கள் முறை. ஸ்பா பெண்ணுக்குத்தான் இது கஷ்டமாக இருந்தது. பிசைந்து பழகிய கை. கட்டைவிரல் தானாகவே தசைக்குள் இறங்கிவிடுகிறது. பயிற்சியாளர் அவர் முழங்கையைத் தட்டினார். “பிசையாதம்மா. தோல் செவந்துடுச்சு பாரு. செவந்தா நீ ரத்தத்த இழுத்துட்டேன்னு அர்த்தம். அப்புறம் இன்னும் நீர்தான் கசியும்.” தோலுக்கு அடியிலேயே, முடிபோன்ற நுண்குழாய்களில்தான் நிணநீரின் பயணம் ஆரம்பிக்கிறது. அவற்றின் சுவரை மெல்லிய இழைகள் சுற்றியுள்ள திசுவோடு கட்டி வைத்திருக்கின்றன. தோல் இலேசாக நீண்டால் இழைகள் இழுபட்டு வாய் திறக்கும், நீர் உள்ளே போகும். ஓங்கி அழுத்தினால் குழாய் நசுங்கும். அவ்வளவுதான் அறிவியல். ஆனால் கைக்கு அதைப் புரியவைக்க நாளாகும்.

நமக்கு வலித்தால்தான் வைத்தியம். சுளுக்கு எடுப்பவர் ‘ஆ’ என்று கத்த வைக்காவிட்டால் காசு கொடுக்க மனசு வராது. பிரசவமான பெண்ணுக்கும் பச்சைக் குழந்தைக்கும் அழுத்தி உருவிக் குளிப்பாட்டிய பாட்டிகளின் பேத்திகள் நாம். மெல்லத் தொடுவது வேலை செய்யாமல் ஏமாற்றுவதாகவே படுகிறது. ஹோம் நர்ஸ் பெண் அதை நேராகவே சொன்னார்: “இப்படித் தடவினா வீட்டுக்காரங்க சம்பளம் குடுப்பாங்களா அக்கா?”

வட்டமாக நகர்த்துவது, பம்பு அடிப்பது, அள்ளுவது, சுழற்றுவது என்று நான்கு வகைக் கைப்போக்கு. ஒவ்வோர் இடத்திலும் ஐந்திலிருந்து ஏழு முறை. இந்த நான்கையும் வகுத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர். அவரும் மனைவி எஸ்ட்ரிட்டும் 1930-களில் பிரான்ஸின் கான் நகரில் மசாஜ் செய்து பிழைத்தார்கள். சளி விடாமல் பிடித்தவர்களுக்குக் கழுத்தில் நெறி கட்டியிருப்பதைக் கண்டு, மருத்துவர்களே தொடத் தயங்கிய அந்த முடிச்சுகளைத் தடவிப் பார்க்கத் துணிந்தார் வோடர். 1936-இல் இந்த நீவலைப் பாரிஸில் உலகுக்கு அறிமுகம் செய்தார். அந்த அறிமுகம் நடந்த இடம் மருத்துவ மாநாடு அல்ல, ஆரோக்கியமும் அழகும் சேர்ந்த கண்காட்சி. ஆக, முகம் ஒடுங்கும், இடுப்பு குறையும் என்று ஸ்பாக்கள் விற்பதைப் பிற்காலத்துச் சீரழிவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பிறக்கும்போதே அதன் ஒரு கால் அழகுக் கண்காட்சியில் இருந்தது. ஜெர்மனியில் யோஹானஸ் ஆஸ்டோங்க் என்ற மருத்துவர் அதைச் சோதித்துப் பார்த்தார். மிஹாயெல் ஃபோல்டி கட்டு, உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு மூன்றையும் சேர்த்து முழுச் சிகிச்சையாக்கினார். அதற்குப் பிறகுதான் வீங்கிய கைகால்களுக்கு அது ஒரு மருத்துவமாக நின்றது.

எனக்கு உறுத்திய கேள்வியைக் கேட்டுவிட்டேன். மார்பகப் புற்றுநோய்க்குப் பிந்தைய வீக்கத்தைப் பற்றி 2015-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு ஒன்று உண்டு. கட்டு மட்டும் போட்டவர்களுக்கே வீக்கம் 30 முதல் 38 சதவீதம் வரை குறைந்தது; நீவலையும் சேர்த்தால் கூடுதலாக 7 சதவீதம் போல. அப்படியென்றால் இந்த நீவலுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

பயிற்சியாளர் கோபப்படவில்லை. “7 பர்சென்ட்ல ஒருத்தருக்கு மோதிரம் ஏறும் சார். மார்புலயும் முதுகுலயும் வீங்கினா கட்டு எங்க போடுவீங்க? தொண்டைப் புத்துநோய்க்காரங்களுக்குக் கழுத்தைச் சுத்திக் கட்ட முடியுமா? அங்கெல்லாம் கைதான்.” கொஞ்சம் நிறுத்தி, “ஆனா கட்டு இல்லாம நீவல் மட்டும் செஞ்சு காசு வாங்கறாங்களே, அது தப்பு” என்றார்.

இந்த வகுப்பைப் பார்த்தபின் என் எண்ணமும் அதுதான். நகரத்தில் தனியாகப் பிரித்து விற்கப்படுவது இந்தச் சிகிச்சையின் மிகக் குறைந்த பலன் தரும் பகுதி. அதிகப் பலன் தருவதெல்லாம் விற்க முடியாதவை: சோப்பு, துடைக்கும் துண்டு, தினமும் கழற்றித் தினமும் சுற்றும் கட்டு.

கட்டுப் போடும் பாடம்தான் நீண்டது. முதலில் உள்ளுறை. அதன்மேல் பஞ்சு. முழங்கை மடிப்பில் ஸ்பான்ஜ் துண்டு. விரல் ஒவ்வொன்றுக்கும் தனிச் சுற்று. அதற்கு மேல்தான் பேண்டேஜ். மருந்துக்கடையில் கிடைக்கும் க்ரேப் பேண்டேஜ் உதவாது என்றார். அது நன்றாக நீளும். தசை புடைக்கும்போது அதுவும் விரிந்து கொடுக்கும், தூங்கும்போது இறுக்கும். வேண்டியது அதற்கு நேர் எதிரானது. அதிகம் நீளாத துணி, ஓய்வில் சும்மா கிடக்கும், கை வேலை செய்யும்போது எதிர்த்து நிற்கும், தசைக்கும் துணிக்கும் நடுவில் அகப்பட்ட நீர் மேலேறும். விலை அதிகம், அதனால் துவைத்துத் துவைத்து சுருட்டி வைக்கிறார்கள்.

கணவர் கையை நடுங்கவிடாமல் சுற்றினார். மணிக்கட்டில் ஒரே இழுப்பு, மேலேயும் அதே இழுப்பு. குறுகலான இடத்தில் அதே இழுப்பே கூடுதல் அழுத்தம் தரும் என்பதால் கீழே இறுக்கமும் மேலே தளர்வும் தானாக அமைந்துவிடும். நாமே இழுப்பை மாற்ற வேண்டாம். சுற்றி முடித்ததும் நகத்தை அழுத்திப் பார்க்கச் சொன்னார் பயிற்சியாளர். வெளுத்து, உடனே சிவந்தது. “மரத்துப் போகுதா?” “இல்ல.” “ராத்திரி மரத்துப்போனா யோசிக்காம அவுத்துடு. என்னைக் கேக்கக் காத்திருக்காத.”

அக்காவுக்கு வேறு கவலை. தண்ணீர். இந்த ஊரில் தண்ணீர் வரும் நாளன்று குடம் குடமாகப் பிடித்து வைத்தாக வேண்டும். கனம் தூக்கவே கூடாது என்று அறுவை முடிந்தபோது சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், வீட்டிலோ வேறு ஆள் இல்லாத நாட்கள் உண்டு. அந்த அறிவுரை பழசு என்றார் பயிற்சியாளர். 2009-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கை வீங்கிய 141 பெண்களில் பாதிப் பேரை மேற்பார்வையோடு கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கப் பழக்கினார்கள். வீக்கம் கூடவில்லை, திடீரென்று மோசமானது தூக்காதவர்களில் 29 சதவீதம் பேருக்கு, தூக்கியவர்களில் 14 சதவீதம் பேருக்கு. “ஆனா நாளைக்கே குடத்தைத் தூக்கிடாத. மொதல்ல அரை லிட்டர் பாட்டில். கையை இறுக்கிப் பிடிக்கிற ஸ்லீவ் போட்டுக்கிட்டு. வாரா வாரம் கொஞ்சம் ஏத்து. கை கனத்தா நிறுத்து.” அந்தப் பெண் முகத்தில் அன்று வந்த சிரிப்பு அதற்குத்தான், நீவலுக்கு அல்ல.

பிற்பகல் நாங்கள் எல்லோரும் கல்லூரிப் பெண்ணின் வீட்டுக்கு நடந்தோம். இரண்டு லைன் தள்ளி. வழியில், சயனைடு மலை என்று இங்கே சொல்லும் சுரங்கக் கழிவு மேடு தெரிந்தது. காற்றடித்தால் அதன் தூள் வீட்டுக்குள் வரும். பாட்டி குடியாத்தம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். இடது கால் வீங்கி, தோல் தடித்து மடிந்திருந்தது.

யானைக்கால் கொசுவால் வரும். அழுக்குத் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு இரவில் கடித்துப் புழுவைக் கொண்டுவருகிறது. புழுக்கள் நிணநீர்க் குழாய்க்குள்ளேயே வருடக்கணக்கில் குடியிருந்து அதைக் கெடுக்கின்றன. ஆண்டுக்கொரு முறை அரசு தரும் மாத்திரை பரவலைத் தடுக்கும், கெட்டுப்போன குழாயைச் சரிசெய்யாது. ஆனால் பாட்டியின் கால் வருடா வருடம் பெருத்ததற்குப் புழு மட்டும் காரணமில்லை. விரலிடுக்கில் புண், அதன் வழியே கிருமி, குளிர்க்காய்ச்சல், தொடையிடுக்கில் நெறி, வந்து போகும் ஒவ்வொரு முறையும் கால் கொஞ்சம் கூடுதலாகத் தடிக்கும். அதை நிறுத்த வேண்டுமென்றால் முதலில் கழுவ வேண்டும்.

பயிற்சியாளர் பிளாஸ்டிக் பேசினை வைத்து உட்கார்ந்தார். சோப்பு நுரையை உள்ளங்கையில் எடுத்து மடிப்பு மடிப்பாக, விரலிடுக்காகக் கழுவினார். பிரஷ் கிடையாது. துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுத்தார். நான்காவது, ஐந்தாவது விரலுக்கு நடுவே ஒரு வெடிப்பு இருந்தது. பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினார். அதற்கு மருந்து போடும் வரை கட்டு இல்லை, நீவல் இல்லை. பேத்திக்கு ஏமாற்றம். கற்றுக்கொண்டதைச் செய்து காட்ட ஆசையாக வந்தவள்.

கேரளத்தின் காசர்கோட்டில் டாக்டர் எஸ். ஆர். நரஹரி 1999-இல் தொடங்கிய இன்ஸ்டிட்யூட் ஆஃப் அப்ளைடு டெர்மட்டாலஜியை பயிற்சியாளர் அன்று பலமுறை சொன்னார். யானைக்காலுக்குக் கழுவுதல், மூலிகைக் கஷாயத்தில் கால் ஊற வைத்தல், யோக மூச்சு, நீவல், கட்டு என்று ஆயுர்வேதத்தையும் நவீன மருத்துவத்தையும் ஒன்றாகப் பின்னியவர்கள். குல்பர்கா, ஆலப்புழை மாவட்டங்களில் ஊர்களுக்கே போய் நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். சிகிச்சை ஒருவருக்குச் செய்யப்படும் ஒன்று அல்ல, அந்த வீடு கற்றுக்கொள்ளும் ஒன்று என்ற அவர்கள் முறைதான் இந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு முன்மாதிரி.

இதையெல்லாம் கற்றால் சான்றிதழ் கிடைக்குமா என்று ஸ்பா பெண் கேட்டார். கிடைக்காது. வட அமெரிக்காவில் இதற்கான தேர்வு எழுதவே 135 மணி நேரப் பயிற்சி வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு கைவேலை. அதுவும் ஏற்கெனவே பிசியோதெரபி, நர்ஸிங் போன்ற ஒன்றைப் படித்தவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் கற்று யாரும் சிகிச்சையாளர் ஆகிவிட முடியாது, போர்டு மாட்டக் கூடாது என்பதை பயிற்சியாளர் ஒளிக்காமல் சொன்னார். வீட்டில் ஒருவருக்கு உதவலாம். ஹோம் நர்ஸ், தான் கவனிக்கும் நோயாளியின் பிசியோதெரபிஸ்ட் சொன்னதைச் சரியாகச் செய்யலாம்.

“அப்ப எனக்கு இன்னா பிரயோஜனம்?” என்றார் ஸ்பா பெண். நியாயமான கேள்வி. விடிகாலை ரயில் பிடித்து, நின்றபடியே போய், நாளெல்லாம் பிசைந்துவிட்டு வருபவர்.

“உனக்குத்தான் பெரிய பிரயோஜனம். எங்களுக்கு வர்றவங்களை டாக்டர் பார்த்து அனுப்பறாங்க. உங்கிட்ட நேரா வர்றாங்க. தொடறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளு. சொன்னேனே, சொல்லு.”

“காய்ச்சலோ, தோல் செவந்து சூடாவோ இருக்கா.”

“ரெண்டு?”

“புத்துநோய், இதயம், கிட்னி, எதுக்காவது மருந்து சாப்பிடறீங்களா.”

“மூணு?”

அவர் பேத்தியைப் பார்த்தார். அவள் உதட்டை அசைத்துக் காட்டினாள். பயிற்சியாளர் அவளை முறைத்தார்.

“ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிக்குதா.”

“வலிக்குதுன்னா? உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். மொதலாளி, கஸ்டமர் காசு கட்டிட்டாங்க, செய்யுன்னு சொல்றாரு.”

“செய்ய மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுவேன்.”

“மொதலாளி திட்டினா?”

“திட்டட்டும்கா.”

“இன்னொரு தரம் மூணையும் சொல்லு. அவளைப் பாக்காம.”